பூ இல்லாத நாளில்: மெர்சிங் புதர்களை இலையாலும் காயாலும் இனம் காணல்

ஒரு செடி இன்னதென்று உறுதியாகச் சொல்லப் பூ வேண்டும் என்பது தாவரவியலின் பழைய பாடம். 1753-இல் லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியபோது மகரந்தத் தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணித்தான் வகைப்படுத்தினார். அவருக்குப் பின் வந்த பெரிய நூல்களும் பெரும்பாலும் பூவையே நம்பின. காட்டுக்குப் போகிறவரின் நிலைமை வேறு. ஜோகூரின் கிழக்குக் கரையில், மெர்சிங் வட்டாரத்தில், எந்த மாதம் போனாலும் எதிரில் நிற்கும் புதர்களில் பெரும்பாலானவற்றில் பூ இருக்காது. இலை இருக்கும். போன பருவத்துக் காயோ வெடித்துக் காய்ந்த நெற்றோ கிளையில் தொங்கும். அடியில் நாலைந்து விதை கிடக்கும். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அது என்ன செடி, இந்த மண்ணுக்குரியதா, வெளியிலிருந்து வந்து பரவியதா என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பம் வரை தைரியமாகச் சொல்லலாம். பேரினம் வரை பெரும்பாலும் சொல்லலாம். இனம் வரை சொல்ல முடிவது சிலவற்றுக்குத்தான். அதுவும் இலையையும் காயையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே. இலையைத் தனியாக நம்பியவர்கள்தான் காட்டில் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க மெர்சிங்கைவிட ஏற்ற இடம் தீபகற்ப மலேசியாவில் அதிகம் இல்லை. தியோமான் தீவுக்குப் படகு ஏறும் ஊர் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். ஆனால் அந்தப் படகுத்துறை இருக்கும் ஆற்று முகத்திலேயே அலையாத்திக் காடு இருக்கிறது. வடக்கே ஆயர் பாப்பான் பக்கம் மணற்கரையும் அதன் முதுகில் குனோங் ஆரோங் காடும் இருக்கின்றன. கடலில் ராவா, பெசார், சிபு, திங்கி, அவுர், பெமாங்கில் என்று தீவுகள். உள்ளே மேற்காகப் போனால் கித்தா (ரப்பர்), செம்பனைத் தோட்டங்கள். அவற்றையும் தாண்டினால் கம்போங் பெத்தா என்ற ஜக்கூன் மக்களின் கம்பம். அதுதான் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜோகூர் பக்க வாசல்களில் ஒன்று. உப்புச் சேறு, வறண்ட மணல், தோட்டத்து ஓரம், மணற்பாறை மலை ஆகிய நான்கு வகை மண்ணும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. மண் மாறினால் புதரும் மாறும். எனவே எங்கே நிற்கிறோம் என்பதே இனம் காண்பதில் முதல் துப்பு.

நூல்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்போம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளாக மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களை எழுதி முடித்தார். நூறு ஆண்டு கழிந்தும் அதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அது உலர்த்திய மாதிரியை மேசையில் விரித்து, பூவைப் பிரித்துப் பார்க்கிறவருக்கான நூல். 1940-இல் கார்னர் எழுதிய மலாயாவின் சாலையோர மரங்கள் பற்றிய நூல்தான் நடந்துபோகிறவர் பக்கம் திரும்பியது. இலை, பால், மணம், காய் என்று கண்ணுக்கும் கைக்கும் அகப்படுவதை வைத்து அது வழிகாட்டியது. மெர்சிங்குக்குத் தெற்கே செடிலி ஆற்றுச் சதுப்புக் காடுகளில் அலைந்தவர் கார்னர். உயர்ந்த மரங்களிலிருந்து கிளை பறிக்கப் பெரோக் குரங்குகளைப் பழக்கியவரும் அவர்தான்.

பின்னர் 1972 முதல் 1989 வரை நான்கு தொகுதிகளாக மலாயாவின் மர நூல் வந்தது. ஏறத்தாழ 2,800 மர இனங்களை அது அலசுகிறது. குறிப்பிட்ட பருமனை எட்டும் மரங்களுக்குத்தான் அதில் இடம். தீபகற்ப மலேசியாவில் 8,000-க்கும் மேற்பட்ட கலன் தாவர இனங்கள் இருக்கின்றன. மரத்துக்கு ஒரு நூல், பனைக்கு ஒரு நூல், பெரணிக்கு ஒரு நூல் என்று பிரித்துக்கொண்டபோது புதர்கள் நடுவில் விடுபட்டுவிட்டன. அவற்றில் காசு தரும் பலகை இல்லை. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் 2005-இல் தொடங்கிய தீபகற்பத் தாவர நூல் திட்டம் குடும்பம் குடும்பமாக இந்தக் குறையைத் தீர்த்து வருகிறது. அது முடியும்வரை மெர்சிங் புதர்களுக்கு ஒரே கையேடு என்று எதையும் காட்ட முடியாது. பல இடங்களிலிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான்.

அப்படிச் சேர்க்கும்போது தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. மெர்சிங் கரையில் நிற்கும் செடிகளில் கணிசமானவை நாகப்பட்டினத்திலும் மன்னாரிலும் நிற்கிற அதே செடிகள், அல்லது அவற்றின் நெருங்கிய உறவுகள். தாழை, புன்னை, பூவரசு, புங்கம், அடும்பு, நொச்சி, தில்லை என்று நெய்தல் திணையின் பெயர்ப்பட்டியலில் பாதியை அங்கே சொல்லிக்கொண்டே நடக்கலாம். காரணம் எளியது. இவற்றின் காயும் விதையும் கடலில் மிதந்து பயணம் செய்கின்றன. இந்துமாக்கடலின் இரு கரைகளையும் ஒரே தோட்டமாக்கியது கடல் நீரோட்டம். செடி தேடும் மனிதர்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். லின்னேயஸின் மாணவரான கோனிக் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர், ஆர்க்காட்டு நவாபிடம் வேலை பார்த்தவர். 1779-இல் அவர் சயாமுக்கும் மலாக்காவுக்கும் போய் அங்கிருந்த செடிகளைக் குறித்துவைத்தார். சோழமண்டலக் கரையில் பழகிய கண்ணோடுதான் அவர் மலாய்க் கரையைப் பார்த்திருப்பார். நமக்கும் அந்தக் கண் உண்டு.

இனி இலை. இலையின் வடிவத்தில் பலர் முதலில் மயங்குகிறார்கள். நீளமா, அகலமா, நுனி கூரா என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் வடிவத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஒரே புதரில் நிழல் பக்கத்து இலை வெயில் பக்கத்து இலையைப்போல இரண்டு மடங்கு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இலை தண்டில் உட்கார்ந்திருக்கும் முறை. எதிரெதிராக இரண்டிரண்டா, மாறி மாறி ஒவ்வொன்றா? இது வெயிலுக்கும் நிழலுக்கும் மாறாது. அடுத்தது, கையில் இருப்பது ஓர் இலையா, ஒரு கூட்டிலையின் சிற்றிலையா என்பது. இதற்கு ஒரு நிச்சயமான சோதனை இருக்கிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் மொட்டு இராது. மொட்டைத் தேடிப் பிடித்தால் அதற்கு வெளியே இருப்பது முழுவதும் ஒரே இலை.

இந்தச் சோதனையைப் பழகிக்கொள்ளக் கீழாநெல்லியைவிட நல்ல செடி கிடையாது. பார்த்த உடனே கூட்டிலை என்றுதான் தோன்றும். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு சிற்றிலைக்கும் அடியில் ஒரு குட்டிக் காய் தொங்கும். சிற்றிலை காய்க்காது. ஆகவே அவை ஒவ்வொன்றும் தனி இலை, நாம் இலைநடுக்காம்பு என்று நினைத்தது ஒரு சிறு கிளை. நெல்லியும் அப்படியே. மெர்சிங்கில் தோட்டத்து ஓரங்களிலும் கரையிலும் இதே உறவில் பல சிறு புதர்கள் உண்டு. காய் இலையடியில் வரிசையாகத் தொங்கினால் நெல்லிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, இலையடிச் செதில். வெட்சி, பாவட்டை, நுணா, பன்னீர் மரம், காப்பி எல்லாம் ஒரே குடும்பம். எதிரெதிராக இருக்கும் இரண்டு இலைகளின் காம்புகளுக்கு நடுவில், தண்டில் ஒரு சிறு முக்கோணச் செதில் ஒட்டியிருக்கும். இலை எதிரெதிர், ஓரத்தில் பல் இல்லை, நடுவில் அந்தச் செதில் என்ற மூன்றும் சேர்ந்தால் காப்பிக் குடும்பம் என்று பூவைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஜோகூர்க்காரர்களுக்கு லைபீரிகா காப்பிச் செடி புதிதல்ல. அதில் ஒரு கிளையை எடுத்து அந்தச் செதிலைப் பார்த்துக்கொண்டவர் காட்டில் அந்தக் குடும்பத்தைத் தவறவிட மாட்டார். மெர்சிங் காட்டின் அடித்தளத்தில் உள்ள புதர்களில் பெரும் பங்கு இந்தக் குடும்பம்தான் என்பதால் இந்த ஒரு பழக்கத்துக்கு நிறையப் பலன் உண்டு.

பிறகு நரம்பு. மணற்பாங்கான கரையில் செண்டுடோக், கெமுந்திங் என்ற இரண்டு புதர்கள் அருகருகே நிற்கும். இரண்டிலும் இலை எதிரெதிர். இரண்டிலும் நடுநரம்போடு இரண்டு பக்க நரம்புகள் அடியிலிருந்து நுனி வரை வளைந்து ஓடும். இரண்டும் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் பூக்கும். புதிதாகப் பார்ப்பவர் ஒன்றை மற்றதென்று எழுதிவிடுவார். செண்டுடோக் இலையைத் தடவினால் சொரசொரக்கும். பக்க நரம்புகளுக்குக் குறுக்கே ஏணிப்படி போலச் சிறு நரம்புகள் தெளிவாகத் தெரியும். கசக்கினால் மணம் இராது. கெமுந்திங் இலையின் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சாக இருக்கும். கசக்கினால் கொய்யா இலையின் சாயலில் மணக்கும். காரணம், அது கொய்யா, நாவல் குடும்பம். இலைக்குள் எண்ணெய்ப் புள்ளிகள் உண்டு. நீலகிரியில் தவிட்டுக்கொய்யா என்று சொல்லித் தின்கிறார்களே, அது இந்தக் கெமுந்திங்தான்.

காயைப் பார்த்தால் சந்தேகமே இராது. கெமுந்திங் பழம் உருண்டு, ஊதா நிறத்தில், வெல்வெட் தோலோடு, தலையில் புல்லிவட்டக் கிரீடம் வைத்திருக்கும், தானாக வெடிக்காது. செண்டுடோக் காய் சட்டிபோல இருந்து முற்றியதும் தாறுமாறாகக் கிழிந்து கருஊதாச் சதையைக் காட்டும். அந்தச் சதை நாக்கைக் கருப்பாக்கும். அதன் அறிவியல் பெயரான மெலஸ்டோமாவுக்கே கருவாய் என்றுதான் பொருள். அமில மண்ணில் கரையும் அலுமினியத்தை இலையில் சேர்த்துவைத்துக்கொண்டு வாழும் செடி அது. மற்றவை தயங்கும் மண்ணில் அது செழிப்பதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொண்டது. தென்னமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த கிளிடேமியா, மலாயில் செண்டுடோக் பூலு. செண்டுடோக்கின் உறவுதான், அதே நரம்பமைப்புத்தான். ஆனால் இலை முழுக்க நீள முடி, ஓரத்தில் சிறு பல், வெள்ளைப் பூ, முடி நிறைந்த கருநீலச் சதைக்கனி. கனி வெடிக்காது, பறவை தின்று பரப்பும். பாதையோரம் நிழல் விழும் இடங்களில் மண்ணின் செண்டுடோக்கைவிட இதுதான் இப்போது கூடுதலாகக் கண்ணில் படுகிறது. எது மண்ணின் செடி என்ற கேள்விக்கு இலை முடியும் காயின் வெடிப்பும் இங்கே பதில் சொல்லிவிடுகின்றன.

இலையைத் தனியாக நம்பினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்குச் சரியான சான்று அக்கேசியா. கரையோரச் சாலைகளில் மலைபோல வளர்ந்து நிற்கும் அக்கேசியா மாங்கியமும் கத்தி அக்கேசியாவும் ஆஸ்திரேலிய, பாப்புவா நியூகினி பக்கத்தவை. மாங்கியம் 1966-இல் சாபாவில் நடப்பட்டது. பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. அவற்றில் நாம் இலை என்று பார்ப்பது இலையே அல்ல, தட்டையாகி அகன்ற இலைக்காம்பு. நீளவாக்கில் நரம்பு ஓடுவதால் சிலர் செண்டுடோக் பக்கம் போய்விடுவார்கள். விதையிலிருந்து முளைத்த சில வாரக் கன்றைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அதில் தொட்டாற்சிணுங்கி போன்ற இரட்டைக் கூட்டிலைகள் சில வந்து, பிறகுதான் காம்பு அகலத் தொடங்கும். கன்று கிடைக்காவிட்டால் நெற்றைப் பார்க்கலாம். முறுக்கிச் சுருண்ட நெற்று, அதில் கறுப்பு விதை, விதையை நெற்றோடு கட்டிய ஆரஞ்சு நிறக் காம்பு. அவரைக் குடும்பம் என்பதில் மறுபேச்சில்லை.

ஆக, காய்தான் இறுதிச் சாட்சி. இலை சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். காயின் அடிப்படை அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது, ஏனென்றால் அது பூவின் சூலகம் முதிர்ந்த உருவம். பூ இல்லாத நாளில் பூவின் எலும்புக்கூடு காயில் கிடைக்கிறது. எத்தனை அறை, எந்தக் கோட்டில் வெடிக்கிறது, விதை எங்கே ஒட்டியிருக்கிறது, காம்புப் பக்கம் புல்லிவட்டம் மிஞ்சியிருக்கிறதா, நுனிப் பக்கமா என்று பார்த்தால் பூவின் அமைப்பைப் பின்னோக்கி எழுதிவிடலாம்.

தோட்டத்தில் வளர்ந்த மலேசியத் தமிழர் எவருக்கும் கித்தா விதை வெடிக்கும் சத்தம் தெரியும். அந்தக் காய்க்கு மூன்று அறை. முற்றிக் காய்ந்ததும் படாரென்று சிதறி விதையைத் தூர எறியும். ஆமணக்குக்கும் மூன்று அறை. மெர்சிங் ஆற்று முகத்துச் சேற்றில் நிற்கும் தில்லைக்கும் மூன்று அறைக் காய்தான், அளவு மட்டும் சிறிது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லை. இலை மாறி மாறி அமைந்திருக்கும், உதிரும் முன் சிவக்கும், கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மலாய்க்காரர்கள் அதைப் பூத்தா பூத்தா (குருடு குருடு) என்கிறார்கள். மூன்று அறைக் காயும் பாலும் சேர்ந்து கண்ணில் பட்டால் அது ஆமணக்குக் குடும்பம் என்றும், கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே சேற்றில் நரிக்கண்டல் என்று ஒரு புதர். கொம்புபோல வளைந்த காய் கொத்தாகத் தொங்கும். பார்க்க அவரைக் காய்தான். ஆனால் உள்ளே ஒரே ஒரு கரு. அது தாய்ச்செடியிலேயே முளைத்து உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். சுரபுன்னையின் நீண்ட முருங்கைக்காய் போன்ற உறுப்பும் காயல்ல, மரத்திலேயே முளைவிட்ட கன்றின் தண்டு. அலையாத்திக் காட்டில் நீளமாகத் தொங்குவதையெல்லாம் நெற்று என்று எழுதக் கூடாது.

உண்மையான நெற்றுகளின் வகையைப் பார்க்க மணற்கரைக்குத்தான் போக வேண்டும். கழற்சிக்கொடியில் இலையும் காயும் சேர்ந்தே அடையாளம் சொல்லும். இரட்டைக் கூட்டிலை, காம்பெல்லாம் பின்னோக்கி வளைந்த முள், சட்டையைப் பிடித்தால் விடாது, இலைக்காம்பின் அடியில் சிறு இலைபோலவே பிரிந்த பெரிய இலையடிச் செதில். காய் உள்ளங்கை அளவில் தடித்து, வெளியெல்லாம் முள்ளாக இருக்கும். உள்ளே பளபளப்பான சாம்பல் நிற விதை ஒன்றிரண்டு. தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகள் வைத்து ஆடும் அதே கழற்சிக்காய். இந்த விதை கடலில் நெடுநாள் மிதக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில்கூடக் கரையொதுங்கி, அங்குள்ளவர்கள் காப்பாக அணிந்திருக்கிறார்கள். அலையாத்திக் காட்டின் பின்புறத்தில் இதற்கு ஓர் உறவு உண்டு. முள்ளும் இலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இலையடிச் செதில் பெரிதாக இராது, காய் வழவழப்பாக இருக்கும், அதில் விதை ஒன்றுதான். முள்ளைப் பார்த்து முடிவு செய்தவர் தவறுவார். காயைப் புரட்டிப் பார்த்தவர் தப்புவார்.

சோபோரா டொமென்டோசா என்ற வெள்ளிப் புதரை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். சிற்றிலைகள் எல்லாம் வெள்ளி முடி போர்த்தியிருக்கும். நெற்று ஒரு மணிமாலை; ஒவ்வொரு விதையைச் சுற்றியும் உப்பி, நடுவில் ஒடுங்கும். விதையில் நஞ்சு உண்டு. அதன் பக்கத்திலேயே மூவிலை கொண்ட பெத்தாய் லாவுத். அதன் நெற்றும் கணுக்கணுவாகத்தான் இருக்கும், ஆனால் முற்றியதும் கணு கணுவாகத் துண்டாகி உதிரும். கணு உடைகிறதா, உடையாமல் மாலையாகவே நிற்கிறதா என்பதுதான் வேறுபாடு. கிலுகிலுப்பைக்கு அடையாளம் அதன் சத்தமே. ஊதிய நெற்றுக்குள் விதை தனியாகக் கழன்று ஆடும். புங்கம் வெடிப்பதே இல்லை. தட்டையான கட்டைக் காய் ஒற்றை விதையோடு முழுதாக மிதந்து போகும்.

நெற்று எவ்வளவு தேவையான சாட்சி என்பதைத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராக வெட்டு நடந்தது. நாட்டுக் கருவேலமும் முள் மரம், அதுவும் இரட்டைக் கூட்டிலை. அவசரத்தில் வெட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நெற்று கையில் இருந்தால் குழப்பமே இல்லை. நாட்டுக் கருவேல நெற்று விதைக்கு விதை ஆழமாக ஒடுங்கி, சாம்பல் பூசிய மணிமாலையாக இருக்கும். சீமைக் கருவேல நெற்று வைக்கோல் நிறத்தில், பெரிதாக ஒடுங்காமல், இனிப்புச் சதையோடு இருக்கும். ஆடு விரும்பித் தின்று விதையைப் பரப்புவது அந்த இனிப்புக்காகத்தான். மண்ணின் செடியைக் காப்பதும் அந்நியச் செடியை அகற்றுவதும் சரியாக இனம் காண்பதில்தான் தொடங்குகின்றன என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியவில்லை.

அவரைக் காய்களை விட்டு மற்றவற்றுக்கு வந்தால், பூவரசும் நீர்ப்பருத்தியும் நல்ல இணை. இரண்டும் இதய வடிவ இலை, இரண்டும் மஞ்சள் பூ, இரண்டும் மெர்சிங் கரையில் உண்டு. பூவரசு இலை இரு பக்கமும் வழவழப்பு; அதன் உருண்டைத் தட்டைக் காய் காய்ந்தும் எளிதில் பிளக்காது. நீர்ப்பருத்தி இலையின் அடிப்பக்கம் வெளுத்த மென்முடி. இலையடிச் செதில் பெரிது, உதிர்ந்த பின் தண்டைச் சுற்றி வளையத் தழும்பு விடும். காய் ஐந்தாகப் பிளந்து நிற்கும். கிளையில் ஐந்து கிண்ணம்போல விரிந்த பழைய காய் இருந்தால் தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம்.

மெர்சிங் பக்கத்தின் தலையாய புதர் எது என்று கேட்டால் நான் சிம்போ ஆயரைத்தான் சொல்வேன். சாலையோரத்து ஈரப் பள்ளங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக அடர்ந்து நிற்கும். இலை ஒரு முழம்வரை போகும்; பக்க நரம்புகள் அச்சடித்தாற்போல இணையாக ஓடி ஓரத்துப் பல்லில் முடியும். இந்த இலையில்தான் முன்பெல்லாம் தெம்பேயும் சந்தைச் சாப்பாடும் கட்டினார்கள். காய் முற்றினால் விடியலுக்கு முன் நட்சத்திரம்போல விரிந்து, இளஞ்சிவப்பு மடல்களுக்கு நடுவே சிவந்த உறை போர்த்திய விதைகளைப் பறவைகளுக்குக் காட்டும். விரிந்து காய்ந்த அந்த நட்சத்திரத்தைப் பலர் பூ என்றே படம் எடுக்கிறார்கள்.

இதே சிம்போ ஆயர் இலங்கையில் வேண்டாத செடி. பேராதனைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி ஈர மண்டலச் சதுப்புகளை நிரப்பிவிட்டது. கெமுந்திங்கும் அப்படித்தான் அமெரிக்காவின் புளோரிடாவில் தொல்லை. மண்ணின் செடி என்பது செடியின் குணமல்ல, செடிக்கும் இடத்துக்கும் உள்ள உறவு. எனவே இலையும் காயும் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயர் இந்த இடத்துக்குரியதா என்பதைப் பழைய பதிவுகள்தான் சொல்ல வேண்டும். உண்ணிச்செடி, நான்கு சிறகு நெற்றுடைய சீமை அகத்தி, கொத்துக் கொத்தாகத் தட்டை நெற்றைத் தொங்கவிடும் பெத்தாய் பெலாலாங் மூன்றும் மெர்சிங்கில் தலைமுறைகளாக நிற்கின்றன, பாட்டி வைத்தியத்திலும் சமையலிலும் இடம் பிடித்துவிட்டன. ஆனாலும் மூன்றும் அமெரிக்க வெப்ப மண்டலத்தவை.

உள்நாட்டு மலைக்காடு வேறு உலகம். எண்டாவ் ரொம்பின் காட்டில் 1977-இல் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 1985, 86-இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணத்தில்தான் அந்தக் காட்டின் தாவரங்கள் ஒழுங்காகப் பதிவாகின. எண்டாவின் பெயரையே தாங்கிய ஒரு விசிறிப் பனை அறிவியலுக்குப் புதிதாகக் கிடைத்தது அப்போதுதான். அந்த மணற்பாறை மேடுகளின் புதர்களுக்குக் கரையில் பழகிய கண் போதாது. அங்கே கம்போங் பெத்தா ஜக்கூன் வழிகாட்டிகளின் அறிவுதான் துணை. பட்டையைச் சுரண்டி, மணந்து, பாலின் நிறம் பார்த்துச் செடி சொல்வது காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் பழைய முறை. நூல்களின் திறவுகோல்கள் மிகத் தாமதமாகத்தான் இந்த வழிக்கு வந்தன.

கைபேசிச் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்றவை படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. பேரினம் வரை அவை நல்ல உதவி. ஆனால் மக்கள் எடுத்துப் போட்ட படங்களிலிருந்தே அவை கற்கின்றன. மக்கள் பூவைத்தான் விரும்பிப் படமெடுக்கிறார்கள். வெறும் இலை, அதுவும் காட்டு அடித்தளத்துப் புதரின் இலை என்றால் செயலியின் பதிலை ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் படத்தாலும் மணத்தையும் பாலையும் சொரசொரப்பையும் காட்ட முடியாது. இறுதித் தீர்ப்பு கெப்போங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள உலர்தாவரச் சாலைகளில் காத்திருக்கும் மாதிரிகளிடம்தான். பெயரைப் பொருளோடு கட்டிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் அனுபவித்திருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார். அவற்றில் சிலவும், நெய்தல் நிலத்து ஞாழலும், இன்று எந்தச் செடி என்று பி. எல். சாமி போன்ற ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு ஆராய வேண்டி வந்தது. பெயர் தப்பியது, மாதிரி தப்பவில்லை.

இதில் ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. சுவைத்துப் பார்த்து இனம் காணக் கூடாது. கரையில் மாங்காய்போலத் தொங்கும் போங் போங் காயின் விதை இதயத்தை நிறுத்தும். கறுப்புக் கண் வைத்த குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பான ஆனைக்குன்றிமணி வேறு; அது மரம், அதன் நெற்று சுருளும், மலாய்க்காரர்கள் சாகா என்பார்கள். இந்த இரண்டையும் பிள்ளைகள் மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதால் வித்தியாசத்தைக் கையில் வைத்துக் காட்டிவிடுவது நல்லது. பூனைக்காலி நெற்றின் முடி பட்டால் வரும் அரிப்பைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மெர்சிங் பக்கம் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியோடு போங்கள், அங்கே எதையும் பறிக்காதீர்கள். கரையிலும் சாலையோரத்திலும் உதிர்ந்து கிடப்பதே போதும். ஒரு புதருக்கு ஐந்து படம் எடுங்கள்: இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் கக்கம், மூடிய காய், திறந்த காயும் விதையும் ஒரு நாணயத்தின் பக்கத்தில். இடத்தையும் நாளையும், மண் மணலா சேறா என்பதையும், பக்கத்தில் இருக்கும் மலாய்க்காரரோ ஜக்கூனோ சொல்லும் பெயரையும், உங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதிப் பொதுவெளியில் பதிவேற்றுங்கள். மற்ற விவரம் சரியாக இருந்தால் தெரிந்தவர் ஒருவர் பெயரைச் சேர்ப்பார். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்த மார்ச்சு மாதத்தில் கரை முழுக்க மிதவை விதைகள் ஒதுங்கிக் கிடக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.